ஐபோன் 7இல் வெள்ளையாக நின்ற நூலகத் தளம்

எங்கள் ஊரில் நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு சிறு நூலகம் நடத்துகிறோம். வாடகைக்கு எடுத்த ஒரே அறை, எட்டு அலமாரி, சுமார் 1,100 புத்தகங்கள். எந்தப் புத்தகம் இருக்கிறது, எது வெளியே போயிருக்கிறது என்று போனில் கேட்பவர்கள் அதிகமானதால் ஒரு இணையதளம் போட்டுவிடலாம் என்று முடிவானது. எழுதியது நான். புத்தகப் பட்டியல், தேடல் பெட்டி, மேலே அகரவரிசைப் பட்டை, வந்து எடுத்துக்கொள்ளும் நாளைக் குறித்து முன்பதிவு செய்ய ஒரு படிவம். அவ்வளவுதான். என் மடிக்கணினியிலும் என் ஆண்ட்ராய்டு போனிலும் குரோமில் நன்றாகப் பார்த்துவிட்டு, முகவரியை வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

அன்று சாயங்காலமே எங்கள் உறுப்பினரான ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் அழைத்தார்.

"தம்பி, மேலே நூலகத்தோட பேர் மட்டும் வருது. கீழே ஒண்ணுமே இல்லையே. வெள்ளையா நிக்குது."

"நெட் சரியா இருக்கா சார்?"

"மத்ததெல்லாம் வருதுப்பா. இது மட்டும்தான்."

அவரிடம் இருப்பது ஐபோன் 7. மகன் புதிது வாங்கியபோது கொடுத்துவிட்டுப் போனது. சஃபாரிக்குப் பதில் குரோமை இறக்கிப் பார்க்கச் சொன்னேன். பொறுமையாக இறக்கிப் பார்த்தார். அதே வெள்ளை.

நான் அவருக்குச் சொன்ன யோசனையே தவறு. ஐபோனில் எந்தப் பிரவுசரை இறக்கினாலும் பக்கத்தை வரைகிற எஞ்சின் ஆப்பிளின் வெப்கிட்தான். குரோம் என்ற பெயரும் சின்னமும் மேலே இருக்கும்; அடியில் ஓடுவது சஃபாரியின் எஞ்சின். 2024 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 17.4இலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் வேறு எஞ்சினுக்கு வழி திறந்தார்கள், அது நம் ஊருக்கு இல்லை. இன்னொன்று, அந்த எஞ்சின் போனின் இயங்குதளத்தோடு சேர்ந்தேதான் புதுப்பிக்கப்படும். ஐபோன் 7க்கு ஐஓஎஸ் 15தான் கடைசி. ஆண்ட்ராய்டில் ஐந்து வருடப் பழைய போனிலும் பிளே ஸ்டோர் வழியாகப் புதுக் குரோம் வந்துவிடும். ஐபோன் 7இல் அது நடக்காது. சாருடைய போன் நல்ல நிலையில்தான் இருக்கிறது, பேட்டரிகூட மாற்றியிருக்கிறார். அதில் ஓடாத பக்கத்தை எழுதியது நான்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நூலக மேசையில் கருவிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சாருடைய ஐபோன் 7. நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்காவின் மகள் வைத்திருக்கும் ஐபோன் 6, அது ஐஓஎஸ் 12இல் நின்றுவிட்டது. நூலகத்து மேசைக்கணினி, விண்டோஸ் 7, அதில் ஃபயர்ஃபாக்ஸ் 115. விண்டோஸ் 7க்குக் குரோம் 109ஓடு முடிந்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸில் 115இன் நீண்டகால ஆதரவுப் பதிப்புதான் கடைசி. ஒரு சாம்சங் போன், அதில் சாம்சங் இன்டர்நெட். அப்புறம் என் மடிக்கணினி.

முதலில் பிழை என்னவென்று கண்ணால் பார்க்க வேண்டும். ஐபோன் சஃபாரியின் உள்ளே பார்க்க ஒரு மேக் கணினியும் கேபிளும் வேண்டும். என்னிடம் மேக் இல்லை. அதனால் பக்கத்தின் தலைப்பகுதியில், மற்ற எல்லா ஸ்கிரிப்டுக்கும் (பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலுக்கும்) முன்னால், தனியாக ஒரு குட்டி ஸ்கிரிப்ட் வைத்தேன். விண்டோவின் ஆன்எரர் நிகழ்வைப் பிடித்து, செய்தி, கோப்பு, வரி எண் மூன்றையும் பக்கத்தின் அடியில் ஒரு சிவப்புப் பட்டையில் எழுதும். இதை முடிந்தவரை பழைய நடையில் எழுத வேண்டும். 'வேர்' (var) என்ற பழைய சொல்லால் அறிவித்த மாறிகள், சாதாரண ஃபங்ஷன்கள். பிழையைக் காட்ட வந்த ஸ்கிரிப்டே பழைய போனில் விழுந்துவிட்டால் ஒன்றும் தெரியாது. தளத்தின் ஸ்கிரிப்ட் வேறு டொமைனிலிருந்து வந்தால் வெறும் 'ஸ்கிரிப்ட் எரர்' என்று மட்டும்தான் வரும் என்பதையும் நினைவில் வைக்கவும். எனக்கு ஒரே டொமைன், அதனால் முழுச் செய்தியும் கிடைத்தது.

ஐபோன் 7இல் வந்த செய்தி: 'இன்வேலிட் ரெகுலர் எக்ஸ்பிரஷன்: இன்வேலிட் குரூப் ஸ்பெசிஃபையர் நேம்'.

பார்த்ததும் புரிந்தது. தேடலில் கிடைத்த சொல்லை மஞ்சள் நிறத்தில் காட்டுவதற்காக ரெகெக்ஸில் (ரெகுலர் எக்ஸ்பிரஷன், உரையில் பொருத்தம் தேட எழுதும் வாய்பாடு) நான் எழுதிய ஒரே ஒரு வரி. தமிழில் தேடல் எழுதுகிற எல்லோரும் இங்கே ஒருமுறை இடறுவார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

'கல்' என்று ஒருவர் தேடினால் 'கல்', 'கல்வெட்டு', 'கல்லும்' எல்லாம் வர வேண்டும். 'பகல்', 'அகல்' வரக்கூடாது. தமிழில் விகுதியும் உருபும் சொல்லின் பின்னால்தான் ஒட்டும், அதனால் சொல்லின் தொடக்கம் மட்டும் பொருந்தினால் போதும். ஆங்கிலத்துக்கு இந்த வேலையை ரெகெக்ஸின் சொல்-எல்லைக் குறி செய்துவிடும். ஆனால் ஜாவாஸ்கிரிப்டில் அந்தக் குறிக்குத் தெரிந்த 'சொல் எழுத்துகள்' ஆங்கில நெடுங்கணக்கும் எண்களும் அடிக்கோடும்தான். தமிழ் எழுத்தெல்லாம் அதற்கு நிறுத்தற்குறி மாதிரி. அதனால் தமிழ்ச் சொற்களுக்கு நடுவே அது எல்லையையே காணாது. சரி என்று நான் லுக்பிஹைண்ட் எழுதினேன்: 'இதற்கு முன்னால் தமிழ் எழுத்து இருக்கக்கூடாது' என்று பின்னோக்கிப் பார்த்துச் சொல்லும் அமைப்பு. குரோமில் இது 2017இலிருந்தே உண்டு. ஃபயர்ஃபாக்ஸில் 2020இல் 78ஆம் பதிப்பில் வந்தது. சஃபாரிக்கு 2023 மார்ச்சில், 16.4இல்தான் வந்தது. ஐஓஎஸ் 15இல் இருக்கும் சஃபாரி அந்த அமைப்பின் முதல் மூன்று குறிகளைப் பார்த்ததும் 'ஏதோ பெயரிட்ட குழு தொடங்குகிறது' என்று எண்ணிக்கொள்கிறது. அடுத்து பெயர் இல்லை, ஆச்சரியக்குறி நிற்கிறது. அதனால்தான் குழுவின் பெயர் சரியில்லை என்கிறது.

தேடலே செய்யாதபோது தேடலுக்கான ஒரு வரி ஏன் பக்கம் முழுவதையும் வெள்ளையாக்க வேண்டும்? ரெகெக்ஸை நேரடியாக நிரலில் எழுதினால், கோப்பை ஓட்டுவதற்கு முன் படிக்கும்போதே பிரவுசர் அதைச் சரிபார்க்கிறது. அங்கே தொடரமைப்புப் பிழை என்றால் கோப்பு முழுவதும் கழிந்தது. 640 வரிகளில் 412ஆம் வரி புரியவில்லை என்பதற்காக முதல் வரிகூட ஓடாது. ஓடும்போது வரும் பிழையைப் பிடிக்கும் டிரை, கேட்ச் போட்டும் பயனில்லை, அதுவும் அதே கோப்புக்குள்தானே இருக்கிறது. என் புத்தகப் பட்டியலையும் அந்தக் கோப்புதான் வரைந்துகொண்டிருந்தது.

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டதில் பெரியது இதுதான். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸும் உள்ளடக்கத்தைச் சொல்லும் எச்டிஎம்எல்லும் தெரியாததைக் கண்டால் தாண்டிப் போகும். பழைய பிரவுசருக்கு ஒரு சிஎஸ்எஸ் வரி புரியவில்லை என்றால் அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு அடுத்ததைப் படிக்கும். ஜாவாஸ்கிரிப்டுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அப்படியென்றால் பக்கத்தின் உயிரான விஷயம் எதில் இருக்க வேண்டும் என்பது தெளிவாகிறது. புத்தகப் பட்டியல் எச்டிஎம்எல்லிலேயே இருக்க வேண்டும். ஸ்கிரிப்ட் அதன்மேல் தேடலையும் பட்டையையும் சேர்த்துத் தந்தால் போதும்.

அன்று மதியம் முழுக்க அந்த மாற்றத்துக்கே போனது. பட்டியலை முன்கூட்டியே எச்டிஎம்எல்லாக உருவாக்கி வைக்கும் சிறு நிரல் எழுதினேன். எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் ஆகும் என்பதால் பக்கம் 420 கேபி வந்தது, கொஞ்சம் பயந்தேன். சர்வர் சுருக்கி அனுப்பும்போது 70 கேபிதான். ஸ்கிரிப்டையும் தேடல், அகரவரிசை, முன்பதிவு என்று மூன்று கோப்பாகப் பிரித்தேன். ஒன்று விழுந்தால் மற்றது நிற்கும்.

லுக்பிஹைண்டுக்கு மாற்று எளிதுதான். 'வரியின் தொடக்கம், அல்லது தமிழ் அல்லாத ஒரு குறி' என்பதை முதல் குழுவாகவும் தேடும் சொல்லை இரண்டாம் குழுவாகவும் பிடித்துக்கொண்டு, மாற்றி எழுதும்போது முதல் குழுவை அப்படியே திரும்ப வைத்துவிட வேண்டும். தமிழ் எழுத்து எது என்று சொல்ல ஒரு குறி எந்த எழுத்துமுறையைச் சேர்ந்தது என்று காட்டும் யூனிகோட் ஸ்கிரிப்ட் பண்பைப் பயன்படுத்தினேன், சஃபாரி 11.1இலிருந்தே அது உண்டு, ஆகவே ஐபோன் 6க்கும் தெரியும்.

ஓட்டிப் பார்த்தபோது இன்னொரு சிக்கல். 'பால' என்று தேடினால் 'பாலம்' சரியாக மஞ்சளானது. 'பால்' என்ற சொல்லில் 'பால' வரை மஞ்சளுக்குள்ளும் புள்ளி மட்டும் வெளியேயும் போய்விட்டது. ஒரு கருவியில் புள்ளி எழுத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தது, இன்னொன்றில் விலகிப் போய்த் தனியாக நின்றது. எழுத்தும் அதன் குறியும் வெவ்வேறு எச்டிஎம்எல் உறுப்புகளில் இருந்தால் சேர்த்து வரைவதா, பிரித்து வரைவதா என்பதில் எஞ்சின்கள் ஒத்துப்போவதில்லை. தேடும் சொல்லுக்குப் பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அதையும் சேர்த்துப் பிடி என்று ரெகெக்ஸில் ஒரு சிறு வால் சேர்த்ததும் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி ஆனது. தமிழ் எழுத்தை எங்கே வெட்டினாலும் இதைக் கவனிக்க வேண்டும்.

சாருடைய போனில் பட்டியலும் வந்தது, தேடலும் வந்தது. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து தினமணி படித்துக்கொண்டிருந்தார், காட்டினேன். "இப்பதான் நூலகம் மாதிரி இருக்கு" என்றார்.

ஐபோன் 6 மிச்சமிருந்தது. பட்டியல் வந்தது, தேடல் இல்லை. சிவப்புப் பட்டையில் வேறு தொடரமைப்புப் பிழை. கேள்விக்குறியும் புள்ளியும் சேர்த்து எழுதும் ஆப்ஷனல் செயினிங்கை நான் தாராளமாகப் பயன்படுத்தியிருந்தேன், அது ஐஓஎஸ் 13.4இல்தான் வந்தது. இதற்குக் கையால் திருத்த வேண்டியதில்லை. இஎஸ்பில்ட் கருவியிடம் இலக்கு ஐஓஎஸ் 12 என்று சொன்னால் புதுத் தொடரமைப்பைப் பழைய வடிவத்துக்கு மாற்றித் தந்துவிடும். லுக்பிஹைண்டை மட்டும் இப்படி எந்தக் கருவியும் எளிதில் மாற்றித் தராது.

இந்த நேரத்தில் எங்கள் ஐவரில் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "ஐபோன்னா வேற ஸ்கிரிப்ட் அனுப்பிட்டா முடிஞ்சுதே, எதுக்கு இவ்வளவு பாடு?" என்று கேட்டார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரவுசர்கள் தங்களைப் பற்றிச் சொல்லும் யூசர் ஏஜென்ட் வரியை நம்ப முடியாது. சஃபாரி, குரோம், ஃபயர்ஃபாக்ஸ் எல்லாமே 'மொசில்லா/5.0' என்றுதான் தொடங்கும். குரோமின் வரியில் 'சஃபாரி' என்ற சொல்லும் இருக்கும். 2019இல் ஐபேடுஓஎஸ் 13 வந்ததிலிருந்து ஐபேடின் சஃபாரி தன்னை மேக் கணினி என்றே சொல்லிக்கொள்கிறது. பழைய தளங்கள் பெயர் பார்த்து ஆளை ஒதுக்கியதால், ஒவ்வொரு பிரவுசரும் முந்தையதன் பெயரை வாங்கிப் போட்டுக்கொண்டு வளர்ந்த வரலாறு அது. தவிர, புது ஐபோனும் ஐபோன்தானே, அதற்கு ஏன் பழைய ஸ்கிரிப்ட்? பெயரைக் கேட்பதைவிட 'உனக்கு இது தெரியுமா' என்று கேட்பதே சரியான வழி.

அந்த வழியிலும் ஒரு பள்ளம் இருப்பதை அடுத்த அரை மணியிலேயே கண்டேன். ஐபோன் 6இல் 'சிறுகதை', 'வரலாறு', 'சிறுவர்' என்ற வகைப் பட்டன்கள் இடைவெளியே இல்லாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. உறுப்புகளை வரிசையாக அடுக்கும் ஃபிளெக்ஸ்பாக்ஸ் என்ற சிஎஸ்எஸ் அமைப்பில் கேப் (நடுவே விடும் இடைவெளி) கொடுத்திருந்தேன். ஃபயர்ஃபாக்ஸில் அது 2018இலேயே வந்துவிட்டது, குரோமில் 2020இல், சஃபாரியில் 2021 ஏப்ரலில் 14.1இல். சிஎஸ்எஸ்ஸில் கேட்டுப் பார்க்க 'சப்போர்ட்ஸ்' விதி இருக்கிறதே என்று 'கேப் தெரியாவிட்டால் மார்ஜின் போடு' என எழுதினேன். மாற்றமே இல்லை. காரணம், கட்டம் கட்டமாக அடுக்கும் கிரிட் அமைப்பிலும் இதே பெயரில் கேப் உண்டு, ஐஓஎஸ் 12க்கு அது தெரியும். 'கேப் தெரியுமா' என்றால் 'தெரியும்' என்று உண்மையாகவே பதில் சொல்கிறது. ஃபிளெக்ஸில் தெரியுமா என்று கேட்க அந்த விதியில் வழியே இல்லை. ஸ்கிரிப்டில் சின்னப் பெட்டி ஒன்றை உருவாக்கி உயரம் அளந்து கண்டுபிடிக்கலாம்தான். பட்டன் இடைவெளிக்காக ஸ்கிரிப்டை நம்பியிருக்க எனக்கு மனமில்லை. ஒவ்வொரு பட்டனுக்கும் நான்கு பக்கமும் 4 பிக்சல் மார்ஜின், வெளிப்பெட்டிக்கு மைனஸ் 4 மார்ஜின் என்று பழைய முறைக்கே போனேன். எல்லாக் கருவியிலும் அச்சு அசலாக ஒரே இடைவெளி.

அதே போனில் அட்டைப்படங்களும் வரவில்லை. வெப்பி என்ற பட வடிவம் சஃபாரி 14இல்தான் வந்தது. பிக்சர் உறுப்புக்குள் வெப்பியை முதலிலும் ஜேபெக்கை அடுத்தும் கொடுத்ததோடு அது முடிந்தது.

நீளச் சொற்கள் கொஞ்சம் நேரம் வாங்கின. 'தொழில்நுட்பவியலாளர்களுக்கான' என்பது போன்ற ஒரு சொல் தலைப்பில் வந்தால் 320 பிக்சல் திரையில் அட்டையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு, பக்கமே பக்கவாட்டில் நகர்ந்தது. நீளச் சொல்லை உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளும் ஓவர்ஃப்ளோ-ராப்பில் எனிவேர் மதிப்பு சஃபாரிக்கு 15.4இல்தான் தெரியும். பிரேக்-வேர்ட் மதிப்பு எல்லாவற்றுக்கும் தெரியும், ஆனால் ஃபிளெக்ஸ் பெட்டிக்குள் அது மட்டும் போதாது. அந்தப் பெட்டி தன் நீளமான சொல்லின் அளவுக்குக் கீழே சுருங்க மறுக்கும். மின்-விட்த் (குறைந்தபட்ச அகலம்) 0 என்று சேர்த்துக் கொடுத்தால் சுருங்கும். இரண்டையும் சேர்த்து எழுதி வைத்துவிட்டேன். தமிழ்த் தளம் செய்கிறவர்கள் இந்த இரண்டு வரிகளையும் முதல் நாளிலேயே போட்டுவிடலாம்.

அடுத்தது தேதி. வெளியே போயிருக்கும் புத்தகத்தின் பக்கத்தில் 'நவம்பர் 16இல் திரும்ப வரும்' என்று காட்ட வேண்டும். இரண்டு ஐபோனிலும் அங்கே 'இன்வேலிட் டேட்' என்று இருந்தது. தரவுத்தளம் '2024-11-16 17:30:00' என்று நாளுக்கும் நேரத்துக்கும் நடுவே ஒரு வெற்றிடம் விட்டுத் தருகிறது. அதை அப்படியே டேட்டுக்குள் போட்டிருந்தேன். ஜாவாஸ்கிரிப்டின் வரையறைப்படி எல்லாப் பிரவுசரும் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டிய வடிவத்தில் நடுவே வெற்றிடம் கிடையாது, டி (T) என்ற ஆங்கில எழுத்து வரும். மற்ற வடிவங்களை ஏற்பதும் மறுப்பதும் பிரவுசரின் விருப்பம். குரோம் இரக்கப்பட்டு ஏற்றுக்கொண்டது, அந்த இரக்கத்தால்தான் பிழை என் கண்ணில் படவில்லை.

டி போட்டால் மட்டும் போதாது. நேர மண்டலம் சொல்லாத நேரத்தை 2009இல் வந்த வரையறை உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்ளச் சொன்னது. 2015இல் வந்தது உள்ளூர் நேரம் என்று மாற்றியது. எந்தப் பிரவுசர் எதைப் பின்பற்றியது என்று தேடிக்கொண்டிருக்காமல், கடைசியில் இந்திய நேரத்தைக் குறிக்கும் +05:30 சேர்த்துவிட்டேன். இனி ஊகிக்க எதுவும் இல்லை. தேதியைத் தமிழில் எழுதிக் காட்டுவதையும் பிரவுசரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். ஒவ்வொன்றும் தன்னுடன் வரும் மொழித் தரவின் பதிப்புக்கு ஏற்பக் காற்புள்ளியை ஒரு இடத்தில் வைக்கிறது. பன்னிரண்டு மாதப் பெயர்கள்தானே, நானே ஒரு பட்டியல் எழுதினேன்.

மேசைக்கணினிக்கு வந்தபோது இருட்டிவிட்டது. அக்கா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "நான் தினமும் பாக்கறது இதுலதான், இத முதல்ல பாத்திருக்கலாம்ல தம்பி" என்றார். உண்மைதான். அதில் தேடல் ஓடியது, முன்பதிவு ஓடியது, அகரவரிசைப் பட்டை மட்டும் இல்லை. கோப்பைப் பிரித்த பலனை அங்கே கண்ணால் பார்த்தேன்.

அந்தப் பட்டையில் க என்பதை அழுத்தினால் க, கா, கி, கீ என்று அகராதிபோல அடுத்த வரிசை விரியும். தலைப்பின் முதல் எழுத்தைக் குறியோடு சேர்த்துப் பிரிக்க இன்டில் செக்மென்டரைப் பயன்படுத்தியிருந்தேன். அழகான கருவி, எழுத்தைச் சரியாக எழுத்தாகவே பிரிக்கும். குரோம் 87, சஃபாரி 14.1இலிருந்து உண்டு. ஃபயர்ஃபாக்ஸில் 2024 ஏப்ரலில் வந்த 125இல்தான் சேர்ந்தது. 115இல் இல்லை, ஐபோன் 6இலும் இல்லை. இது படிக்கும்போது வரும் பிழை அல்ல, ஓடும்போது அந்த வரியில் வருவது. அதனால் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, இல்லாதபோது வேறு வழியில் போகலாம்.

அந்த வேறு வழியை எழுத உட்கார்ந்தபோது எனக்குச் செக்மென்டரே தேவையில்லை என்று புரிந்தது. தமிழில் ஒரு உயிரெழுத்து, அல்லது ஒரு மெய்யும் அதன்பின் அதிகம் போனால் ஒரு குறியும். இதற்கு ஒரு சிறிய ரெகெக்ஸ் போதும், எல்லாப் பிரவுசரிலும் ஒரே விடை தரும். ஆனால் ஓட்டியதும் 'கொ'வில் இருக்க வேண்டிய சில புத்தகங்கள் 'கெ'வில் போய் நின்றன. எங்கள் பட்டியலில் பாதி பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றியது. அதில் கொ என்பதன் குறி, கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு துண்டாக இருந்தது. திரையில் எந்த வித்தியாசமும் தெரியாது. முன்பு குரோமில் இரண்டு 'கொ' பட்டன்கள் அடுத்தடுத்து வந்ததை நான் பார்த்திருக்கிறேன், ஏன் என்று யோசிக்காமல் விட்டிருந்தேன். நார்மலைஸ் செய்தால் துண்டுகள் ஒன்றாகும். பட்டியலை உருவாக்கும்போதே ஒருமுறை செய்து சேமித்தேன், தேடல் பெட்டியில் தட்டுவதற்கும் அதையே செய்தேன். ஔகாரக் குறியின் பின்பாதிக்குப் பதில் ள தட்டியிருந்த ஏழு தலைப்புகளை மட்டும் கையால் திருத்த வேண்டியிருந்தது. அது வேறு எழுத்து என்பதால் நார்மலைஸ் தொடாது.

வரிசைப்படுத்துவதும் இங்கேதான். வெறும் சார்ட் (வரிசைப்படுத்தும் கட்டளை) போட்டால் யூனிகோட் எண் வரிசைதான் வரும், ந-வை அடுத்து ன, ர-வை அடுத்து ற, ச-வை அடுத்து ஜ. மொழிக்கேற்ற வரிசை தெரிந்த தமிழ் கொலேட்டரைக் கொடுத்தால் நெடுங்கணக்கு வரிசை. பட்டியலை உருவாக்கும் இடத்திலேயே இதையும் செய்துவிட்டதால் பிரவுசருக்கு அந்த வேலை போகவே இல்லை.

மிச்சமெல்லாம் சில்லறை வேலை. ஐபோனில் உள்ளீட்டுப் பெட்டியின் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைவாக இருந்தால் தொட்டதும் பக்கம் பெரிதாகி நகரும். 14ஐ 16 ஆக்கினேன். பட்டனுக்கு எழுத்து நிறம் கொடுக்காமல் விட்டிருந்ததால் ஐஓஎஸ் 15இல் நீலமாகவும் மற்றதில் கறுப்பாகவும் இருந்தது. நிறத்தையும் எழுத்துருவையும் இன்ஹெரிட் (மேலுள்ள உறுப்பிலிருந்து எடுத்துக்கொள்) என்று சொன்னேன். முன்பதிவுப் பக்கத்துக்கு 100 விஎச் (முழுத் திரை) உயரம் கொடுத்து அடியில் பட்டன் வைத்திருந்தேன், சஃபாரியின் முகவரிப் பட்டை அதை மறைத்தது. முகவரிப் பட்டை போக மிஞ்சும் உயரத்தை அளக்கும் டிவிஎச் அலகு சஃபாரி 15.4இலிருந்து உண்டு, ஆனால் யோசித்தால் அந்தப் பக்கத்துக்கு முழுத் திரை உயரம் எதற்கு? பட்டனைப் படிவத்தின் முடிவிலேயே விட்டேன். விண்டோஸ் 7இன் தமிழ் எழுத்துருவில் வரி உயரம் வேறாக வந்ததால் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை டபிள்யூஓஎஃப்எஃப்2 என்ற இணைய எழுத்துரு வடிவில் சேர்த்து, வரி உயரத்தை அலகு இல்லாமல் 1.7 என்று வைத்தேன். இரு ஓரமும் சமன்செய்யும் ஜஸ்டிஃபையை எங்குமே போடவில்லை. ஃபயர்ஃபாக்ஸ் 2 காலத்தில் அதனால் தமிழ் எழுத்துகள் உடைந்து கொம்பும் காலும் தனித்தனியாகச் சிதறியதும், வலைப்பதிவர்கள் ஒருவருக்கொருவர் அதை வார்ப்புருவிலிருந்து எடுக்கச் சொல்லிக்கொண்டதும் நினைவிருக்கிறது. 2008இல் மூன்றாம் பதிப்பு வந்ததும் அது சரியாகிவிட்டது. ஆனாலும் தமிழின் நீளச் சொற்களுக்கு நடுவே குறுகிய திரையில் சமன்செய்தால் ஓட்டை ஓட்டையாகத்தான் தெரிகிறது.

சாம்சங் போனில் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

சிவப்புப் பட்டையை எடுத்துவிட்டேன். அதன் இடத்தில் அதே செய்தியைச் சத்தமில்லாமல் சர்வருக்கு அனுப்பும் சில வரிகள் இருக்கின்றன. இந்த ஆறு வாரத்தில் மூன்று செய்திகள் வந்தன. இரண்டு, யாரோ தங்கள் பிரவுசரில் சேர்த்திருக்கும் எக்ஸ்டென்ஷனிலிருந்து வந்தவை. மூன்றாவது என்னுடையது. ஒரே நேரத்தில் மூன்று புத்தகத்துக்கு மேல் முன்பதிவு செய்தால் மட்டும் ஓடும் ஒரு கிளையில், பட்டியலின் கடைசிப் புத்தகத்தை எடுக்க 'அட்' என்ற மெத்தடைப் பயன்படுத்தியிருந்தேன். அது குரோம் 92, சஃபாரி 15.4க்கு முன் கிடையாது. இஎஸ்பில்ட் தொடரமைப்பைத்தான் மாற்றும். இல்லாத மெத்தடை உருவாக்கித் தராது. அன்று மேசையில் சோதித்தபோது நாங்கள் யாரும் இரண்டு புத்தகத்துக்கு மேல் எடுத்துப் பார்க்கவில்லை. நீளத்திலிருந்து ஒன்றைக் கழித்து எடுக்கும் பழைய வழிக்கு மாற்றி, ஐபோன் 6இல் நான்கு புத்தகங்களை முன்பதிவு செய்து பார்த்துவிட்டு அன்றிரவே ஏற்றினேன்.